ஞானஸ்நானத் தொட்டி அமைக்கப் போகிறீர்களா? கல்லுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) ஒரு குடும்பத்தார், மறைந்த தங்கள் தாயாரின் நினைவாக ஆலயத்துக்குக் கருங்கல்லில் ஞானஸ்நானத் தொட்டி செய்து தருகிறோம் என்று ஈஸ்டர் முடிந்த கையோடு வந்து சொன்னார்கள். எங்களுடையது பழைய சிமென்ட் தொட்டி. விளிம்பு பிளந்து, ஊற்றிய தண்ணீர் ஆராதனை முடிவதற்குள் தரையில் கசிந்துவிடும். ஆகவே கமிட்டியில் எல்லாருக்கும் சந்தோஷம். மூன்று மாதத்தில், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். பிரதிஷ்டை நடந்தது அடுத்த ஜனவரியில். செலவும் ஒப்புக்கொண்ட தொகையைத் தாண்டிவிட்டது.

கமிட்டிச் செயலராக இருந்து இந்த ஒன்பது மாதமும் அலைந்தவன் என்பதால் எழுதுகிறேன். நான் சொல்வது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நடைமுறை. அதிலும் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதி) வழக்கம் மாறும். லுத்தரன், மெதடிஸ்ட் சபையாருக்கு அனுமதி விஷயம் வேறாக இருக்கலாம். இடம், கல், தண்ணீர், பாரம் பற்றியவை எல்லாருக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் இடத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும், கல்லைக் கடைசியில். நாங்கள் கல்லை முதலில் பார்த்தோம். பட்ட பாடெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

1. எந்த முறையில் ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள்

சி.எஸ்.ஐ. சபையில் குழந்தைகளுக்கும் உண்டு, வயதுவந்து விசுவாசத்தை அறிக்கையிடுகிறவர்களுக்கும் உண்டு. தலையில் தண்ணீர் ஊற்றுவதும் செல்லும், முழுக்குவதும் செல்லும். அதனால் "தொட்டி" என்று சொன்னதும் கமிட்டியில் பாதிப்பேர் மனதில் இடுப்பளவு கல் தொட்டியும், மீதிப்பேர் மனதில் இறங்கி நிற்கிற நீர்த்தொட்டியும் வரும். எங்கள் முதல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் இரண்டு தரப்பும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

கடந்த ஐந்து வருட ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பாருங்கள். குழந்தைகள் எத்தனை, பெரியவர்கள் எத்தனை, அவர்களில் முழுக்கு கேட்டவர்கள் எத்தனை என்று பாருங்கள். எங்கள் பதிவேட்டில் ஏறக்குறைய எல்லாமே குழந்தைகள். முழுக்கு கேட்ட இரண்டு மூன்று பேரை ஆற்றுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆகவே கல் தொட்டி போதும் என்று முடிந்தது.

முழுக்குத் தொட்டிதான் வேண்டும் என்றால் அது வேறு வேலை. 7 அடி நீளம், 4 அடி அகலத்தில் 3 அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிறைத்தால் 2,300 லிட்டருக்கு மேல் வரும். அந்தத் தண்ணீர் மட்டுமே இரண்டேகால் டன்னைத் தாண்டும். பொறியாளர் இல்லாமல் இறங்காதீர்கள். பூட்டு வைத்த மூடி போடுங்கள், ஆலயத்தில் சிறுபிள்ளைகள் ஓடுகிறார்கள். தண்ணீருக்குள் நிற்கிறவர் கையில் வயர் மைக் ஒருபோதும் கூடாது. 2005-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ நகரத்து பாப்டிஸ்ட் சபை ஒன்றில், தொட்டித் தண்ணீரில் நின்றபடி மைக்கைச் சரிசெய்ய கைநீட்டிய போதகர் மின்சாரம் தாக்கி இறந்தார். மைக் ஸ்டாண்டைக் கை எட்டாத தூரத்தில் வையுங்கள். அந்தப் பக்கம் பிளக் பாயின்டே வேண்டாம்.

2. இடத்தை முடிவு செய்யுங்கள்

ஆங்கிலிக்கன் வழியில் வந்த ஆலயங்களில் தொட்டி நுழைவாசல் பக்கம் இருக்கும். ஞானஸ்நானத்தின் வழியாகச் சபைக்குள் வருகிறோம் என்பதை அந்த இடமே சொல்லும். இங்கிலாந்து திருச்சபையின் சட்டத்தில் இன்றும் பிரதான வாசலுக்குக் கூடுமானவரை அருகில் என்றுதான் இருக்கிறது. பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் வழியில் வந்தவர்கள், சபையார் எல்லாரும் பார்க்கவும் கேட்கவும் வேண்டும் என்று பிரசங்க பீடத்தின் பக்கம் வைப்பார்கள். லுத்தரன் ஆலயங்கள் பலவற்றில் முன்னால், ஆல்டர் என்னும் பலிபீடத்தின் பக்கம் இருக்கும். சி.எஸ்.ஐ. இந்த வழிகள் பலவும் 1947-இல் ஒன்றாய்ச் சேர்ந்தது என்பதால், நம் ஆலயங்களில் எந்த இடமும் தவறில்லை. உங்கள் கட்டடத்துக்கு எது சரி என்பதுதான் கேள்வி.

வாசல் பக்கம் என்றால் நம் ஊர் நிலைமையை யோசியுங்கள். செருப்பு அங்கேதான் குவியும். மழைநாளில் குடையும் அங்கேதான். தாமதமாக வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் நுழைவார்கள். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளும் பெண்களும் முழுசாகத் திரும்பி உட்கார வேண்டும். எங்கள் பழைய தொட்டி அங்கேதான் இருந்தது. ஒரு பாட்டி சொன்னது இது (குருவானவரை ஊரில் ஐயர் என்பார்கள்): "ஐயரு புள்ளைய எங்க வச்சு தண்ணி ஊத்துறாருன்னே அறுவது வருசமா எனக்குத் தெரியாதுய்யா." அந்த ஒரு வார்த்தையில் எங்கள் விவாதம் முடிந்தது.

முன்பக்கம் என்றால் வேறு தொந்தரவு. பாடகர் குழு, கீபோர்டு, ஸ்பீக்கர், திரை எல்லாம் ஏற்கெனவே அங்கே இடம்பிடித்திருக்கும். திருமணத்தில் மணமக்கள் நிற்கும் இடம், அடக்க ஆராதனையில் பெட்டி வைக்கும் இடம், நற்கருணைக்கு முழங்காலிடும் வரிசை, இவை மூன்றையும் தொடாமல் வைக்க வேண்டும். தொட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது 4 அடி விடுங்கள். பெற்றோர், ஞானப்பெற்றோர், குருவானவர் என்று ஆறேழு பேர் நிற்பார்கள். தலைக்கு நேர் மேலே ஃபேன் இருக்கிறதா என்றும் பாருங்கள். நனைந்த தலையோடு இருக்கிற கைக்குழந்தைக்கு அது ஆகாது, ஏற்றி வைத்த மெழுகுவர்த்தியும் அணைந்துபோகும்.

கிழக்கே ஆல்டருக்கும் தெற்கு வாசலுக்கும் நடுவில், முதல் பெஞ்சுக்கு முன்னால் நாங்கள் இடம் பார்த்தோம். அதற்காக இரண்டு பெஞ்சுகளை எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பெஞ்சில் வழக்கமாக உட்காருகிறவர்களிடம் முதலிலேயே போய்ப் பேசிவிடுங்கள். கமிட்டி நோட்டீஸ் பலகையில் அவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

3. ஹாலோ பிளாக்கை அடுக்கிப் பாருங்கள்

இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

8 அங்குல உயர ஹாலோ பிளாக்கை நான்கு வரிசை அடுக்கி, மேலே ஒரு அலுமினியச் சட்டியை வைத்தால் 36 அங்குலம் வரும். குருவானவரை அங்கியோடு நிறுத்துங்கள். ஒரு தலையணையைப் போர்வையில் சுற்றிக் குழந்தை மாதிரி இடக்கையில் கொடுங்கள். வலக்கையால் சட்டியிலிருந்து மூன்று முறை அள்ளி ஊற்றச் சொல்லுங்கள். ஜெபப்புத்தகம் எங்கே வைப்பார்? துண்டு எங்கே? அங்கியின் கை தண்ணீரில் படுகிறதா? எங்கள் குருவானவர் குட்டையானவர். மூன்றாம் முறை அள்ளும்போது தலையணை சரிந்து சட்டி விளிம்பில் இடித்தது. எல்லாரும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அன்றே உயரத்தை 34 அங்குலமாகக் குறைத்தோம். விளிம்பை 4 அங்குல அகலத்தில், ஓரம் உருட்டி வைக்கச் சொன்னோம். ஆனால் குருவானவர்கள் மாற்றலாகிப் போவார்கள், தொட்டி போகாது. உயரமான ஒருவரையும் நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுக்கியதை அப்படியே இரண்டு ஞாயிறு விட்டுவையுங்கள். யார் இடித்துக்கொள்கிறார்கள், யாருக்கு மறைக்கிறது என்று தானாகவே தெரிந்துவிடும்.

4. பணம்: கடிதத்தில் வாங்குங்கள்

"செய்து தருகிறோம்" என்ற வாய்ச்சொல் போதாது. கொடுக்கிறவர்களிடம் கடிதம் வாங்குங்கள். அதில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எவ்வளவு தொகை, தொட்டி சபையின் உடைமை, பிற்காலத்தில் இடம் மாற்றும் உரிமை சபைக்கு உண்டு, பெயர் பொறிப்பது கமிட்டி தீர்மானப்படி.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பணம் அனுப்புவார்கள். இங்கேதான் பெரிய கண்ணி. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டும்தான் வாங்க முடியும். அதுவும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் அதற்கென்றே வைத்த கணக்கில்தான். சேகரக் கணக்கில் அந்தப் பணம் விழுந்துவிட்டால் சிக்கல் முழுத் திருமண்டலத்துக்கும் போகும். எங்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு அண்ணன் அனுப்பத் தயாராக இருந்தார். பாஸ்போர்ட் எந்த நாட்டுது என்று கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதம் போயிற்று. கேட்டபோது அமெரிக்காவுடையது என்றார். கடைசியில் ஊரில் இருந்த தம்பியும் தங்கையுமே தங்கள் பணத்தில் பங்கு போட்டுக்கொண்டார்கள். கூச்சப்படாமல் முதல் நாளே கேளுங்கள்.

எங்களுக்கு ஆன செலவு இது: கல்லும் வேலையும் 92,000 ரூபாய், வண்டி 7,500, அடித்தளமும் குழாயும் 14,000, இறக்கி நிறுத்த ஆள்கூலி 6,000, தேக்கு மூடி 11,000, உள்ளே வைக்கும் கிண்ணம் 3,200, எழுத்தைத் திருத்தியது 4,500. மொத்தம் 1,38,200. கடிதத்தில் இருந்தது ஒரு லட்சம். மீதிக்குப் பொதுக்கணக்கில் கை வைத்தோம், அதற்கு ஒரு கூட்டம் முழுக்க வாக்குவாதம். கல்லின் விலையோடு பாதித்தொகையைக் கூடச் சேர்த்து முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

5. அனுமதிக்குக் கோப்பு

ஆலயத்துக்குள் நிலையாக ஒன்றைப் பதிக்கிறீர்கள். அது கமிட்டியோடு முடிகிற விஷயமில்லை. சேகரத் தலைவரான குருவானவர் வழியாகத் திருமண்டல அலுவலகத்துக்கு எழுதிப் பேராயரின் எழுத்துமூல அனுமதி வாங்குங்கள். கோப்பில் நாங்கள் வைத்தவை: கமிட்டித் தீர்மானத்தின் நகல், தேதியும் தீர்மான எண்ணும் கையொப்பமும் சேர்த்து, நன்கொடைக் கடிதம், அளவு போட்ட வரைபடம், தொட்டிக்கு ஒன்று, ஆலயத் தரைக்கு ஒன்று, மூன்று இடங்களில் வாங்கிய விலைப்புள்ளி, இப்போதைய நிலையைக் காட்டும் புகைப்படங்கள், பொறிக்கப் போகும் வாசகம், பழைய தொட்டியை என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு பத்தி.

கடைசி இரண்டும் முதல் தடவை எங்கள் கோப்பில் இல்லை. இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆறு வாரம் கழித்து நேரில் போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஆகவே கோப்பைக் கொடுத்த பத்தாவது நாள் ஒரு போன் போடுங்கள். மொத்தமாகப் பத்து வாரம் ஒதுக்குங்கள். திருமண்டலத் தேர்தல் நடக்கிற சமயம் என்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே தொட்டி வைப்பதோடு நின்றால் இவ்வளவுதான். ஞானஸ்நானத்துக்கென்று வெளியே தனி அறை கட்டுகிறீர்கள் என்றால் அது வழிபாட்டுத்தலக் கட்டுமானக் கணக்கில் வரும். மாவட்ட ஆட்சியரின் அனுமதி பற்றி முதலில் விசாரியுங்கள்.

இங்கிலாந்தில் இருக்கிற தமிழ்ச் சபையாருக்கு ஒரு வார்த்தை: இங்கிலாந்து திருச்சபையின் கட்டடத்தில் தொட்டியை நகர்த்த, கமிட்டி ஒத்துக்கொண்டாலும் போதாது. ஃபேகல்டி என்னும் அனுமதி வேண்டும். அதற்கு மறைமாவட்ட ஆலோசனைக் குழுவின் கருத்தும் 28 நாள் பொது அறிவிப்பும் தேவை.

6. கல்லும் சிற்பியும்

இப்போதுதான் கல். தென்மாவட்டத்துக்காரர்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி பக்கம், வடக்கே உள்ளவர்களுக்கு மாமல்லபுரம். இரண்டு இடத்திலும் கருங்கல் வேலையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நேரில் போய், அவர்கள் செய்த ஏதாவது ஒரு கிண்ண வடிவத்தின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் எல்லாருமே அழகாகச் செய்துவிடுவார்கள்.

மார்பிள் வெள்ளையாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் எலுமிச்சை, ஆசிட் கலந்த கிளீனர் பட்டால் அரித்துவிடும், கறையும் பிடிக்கும். கடப்பா கல்லும் அப்படியே. கருங்கல் அதையெல்லாம் தாங்கும். ஆனால் உங்கள் போர் தண்ணீர் உப்பு என்றால் கறுப்புக் கல்லில் வெள்ளை வெள்ளையாகப் படிவு தெரியும். அதனால் நாங்கள் சாம்பல் நிறக் கல்லை எடுத்தோம். உள்ளே தனியாக ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைப்பதென்றால், கிண்ணத்தை முதலில் வாங்கிச் சிற்பியின் கையில் கொடுங்கள். கல்லைக் குடைந்த பிறகு கடை கடையாகக் கிண்ணம் தேடினால் அந்த அளவில் கிடைக்காது.

பாரத்தைக் கணக்குப் போடுங்கள். ஒரு கன அடி கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ. 2 அடி அகலத்தில் ஓர் அடி உயர எண்கோணக் கிண்ணம், ஓர் அடி விட்டத்தில் தண்டு, 2 அடிச் சதுர அடிப்பீடம் என்று வைத்தாலே மொத்தம் 450 கிலோ பக்கம் வரும். எட்டுப் பக்கம் ஏன் என்று சிற்பி கேட்டார். நோவாவின் பேழையில் காக்கப்பட்ட எட்டுப் பேரைப் பேதுரு ஞானஸ்நானத்தோடு சேர்த்துச் சொல்கிறார் என்று விளக்கினோம். அதற்குப் பிறகு அவர் பக்கங்களின் அளவை இன்னும் கவனமாகப் பார்த்தார் என்று எனக்கு ஒரு எண்ணம்.

மூன்று துண்டாகச் செய்து பொருத்தச் சொல்லுங்கள். துண்டுகளை இணைக்கும் கம்பி எவர்சில்வராக இருக்கட்டும். சாதா இரும்பு துருப்பிடித்து வீங்கிக் கல்லையே பிளந்துவிடும். பணத்தை மூன்று தவணையாகப் பிரித்துக் காசோலையில் கொடுங்கள். கடைசித் தவணை ஆலயத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகுதான். விலையில் வரி, வண்டி, ஏற்று இறக்குக் கூலி சேர்ந்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

7. எழுத்துப் பொறிப்பு

நாங்கள் தேர்ந்தெடுத்த வசனம் எபேசியர் 4:5, "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்." அதை ஒரு நோட்டுத் தாளில் கையால் எழுதிக் கொடுத்தோம். கல்லில் "ஞானஸ்தானமும்" என்று வந்தது. கையெழுத்தில் "ந" என்பது "த" மாதிரி இருந்தது. சிற்பிமேல் குற்றமே இல்லை. அந்தப் பக்கத்தை முழுக்கத் தேய்த்துச் சமமாக்கி மறுபடி வெட்டினார். மூன்று வாரம் போயிற்று. இன்றைக்கும் மாலை வெயில் தெற்கு வாசல் வழியாகச் சாய்ந்து விழும்போது, அந்த ஒரு பக்கம் மட்டும் நூலளவு உள்வாங்கியிருப்பது தெரியும்.

கம்ப்யூட்டரில் அடித்து, உண்மையான அளவில் அச்செடுத்து, கல்லில் ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். வெட்டும் முன் இரண்டு பேர் தனித்தனியே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். நன்கொடையாளர் பெயர் அடிப்பீடத்தின் பின்பக்கத்தில் சிறியதாக இருந்தால் போதும். குழந்தையைத் தூக்கி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது வசனமாக இருக்கட்டும்.

8. அடித்தளமும் வடிகாலும்

பழைய ஆலயம் என்றால் தரையைத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சில பழைய ஆலயங்களில் தரைக்கடியில் கல்லறைகளும் உண்டு. நாங்கள் 4 அடிச் சதுரத்துக்குத் தோண்டி, 6 அங்குலக் கான்கிரீட் போட்டு, 14 நாள் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் பாரம் ஏற்றினோம்.

வடிகால் குழாயைக் கான்கிரீட் போடும் முன்பே பதிக்க வேண்டும். அதைச் சாக்கடையில் விடாதீர்கள். ஜெபித்து ஆசீர்வதித்த தண்ணீர் நேராக மண்ணில் சேருவது பழைய வழக்கம், அது நல்ல வழக்கம். குழாய்க்குச் சரிவு கொடுத்துச் சுவருக்கு வெளியே கொண்டுபோய், 3 அடிக் குழியில் ஜல்லி நிரப்பி அதில் விட்டோம். பக்கத்தில் ஒரு வேப்பங்கன்றை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நட்டார்கள். இன்னொன்று: குழாய் வாயில் பித்தளைச் சல்லடை போடுங்கள். எங்கள் குழாயில் முதல் மாதமே ஒரு மெழுகுவர்த்தித் துண்டு போய் அடைத்தது.

9. இறக்குதல், மூடி, பழைய தொட்டி

வாசல் அகலத்தை முன்கூட்டியே அளந்துவிடுங்கள். பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் அதைத் தொங்கவிடும் முக்காலியும் இல்லாமல் ஆள்பலத்தில் தூக்க விடாதீர்கள். தரையில் சாக்கும் பலகையும் விரியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள், திங்கட்கிழமை நல்லது.

மூடி கட்டாயம் வேண்டும். புறா, பல்லி, தூசி எல்லாவற்றையும் விட, மூடி இல்லாத தொட்டியில் பூக்கூடையும் பாட்டுப்புத்தகமும் வந்து உட்கார்ந்துவிடும். ஒருவரே தூக்கக்கூடிய எடையில் செய்யுங்கள். எங்கள் தேக்கு மூடியை ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை ஒருவராகத் தூக்க முடியாமல், இரண்டாகப் பிளந்து கீல் வைத்தோம்.

பழைய தொட்டியை வெளியே போட்டுத் துளசியோ ரோஜாவோ வைக்காதீர்கள். ஊரில் பாதிப்பேர் அதில்தான் ஞானஸ்நானம் பெற்றவர்கள். கேட்கும் கிளைச்சபை இருந்தால் பழுதுபார்த்துக் கொடுங்கள். எங்களுடையது பழுதுபார்க்கும் நிலையில் இல்லை. குருவானவர் ஜெபிக்க, ஆலய வளாகத்தில் ஆல்டருக்கு நேர் பின்னால் குழிதோண்டி அடக்கம் செய்தோம். சொத்துப் பதிவேட்டில் பழையதை நீக்கியும் புதியதைச் சேர்த்தும் எழுதி, கமிட்டித் தீர்மான எண்ணைக் குறித்துவிடுங்கள். அடுத்த தணிக்கையில் கேட்பார்கள்.

10. பிரதிஷ்டைத் தேதி

பேராயரிடம் தேதி கேட்பதற்கு வேலை முடிகிறவரை காத்திருக்காதீர்கள், அதே சமயம் கல் வந்து சேருமுன் நோட்டீஸ் அடிக்கவும் கூடாது. சிற்பி சொல்கிற நாளோடு ஒரு மாதம் கூட்டிக் கேளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்த்தால் நல்லது. மழையில் லாரி வராது, அப்புறம் கிறிஸ்துமஸ் வேலைகள் வந்துவிடும். ஈஸ்டரையொட்டி வைத்தால் ஞானஸ்நானத்துக்கும் பொருத்தமான காலம், குழந்தைகளும் காத்திருப்பார்கள்.

முந்தின நாள் தொட்டியை வெறும் தண்ணீரால் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். ஒருமுறை நிரப்பி வடிகாலைத் திறந்து பாருங்கள். தண்ணீரை இரவே ஊற்றி வைக்காதீர்கள். கருங்கல் இரவெல்லாம் குளிர்ந்து தண்ணீரும் ஜில்லென்று ஆகிவிடும். ஆராதனைக்குச் சற்று முன் பாதியளவு ஊற்றி, ஒரு கெட்டில் வெந்நீரைக் கலந்து, முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டும் முன் பார்ப்பது போல.